வேல்ஸ் பாயின் நாலாவது பாட்டு

குடவாசல் பக்கம் நாற்று நடுகிற பெண்கள் யாரிடம் வேண்டுமானாலும் போய் வேல்ஸ் நாடு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, பன்னிரண்டு மாதமும் அங்கே ஐப்பசிதான், மனிதர்களைவிட ஆடு அதிகம், ஆனால் கறிக்கு மசாலா அரைக்கத் தெரியாது என்று வரிசையாகச் சொல்வார்கள். அதே பெண்களிடம் பக்கத்து மாவட்ட விவரம் கேட்டால் முழிப்பார்கள். இந்த நிலைமைக்கு முழுப் பொறுப்பு ஒரே ஒரு மனிதர்தான். கூத்தாநல்லூருக்கும் குடவாசலுக்கும் நடுவே மினி பஸ் ஓட்டிய வேல்ஸ் பாய்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. மூன்று வருடம் அவர் வண்டியில் போய்வந்தவள் நான். ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. கண்டக்டர் செந்திலிடம் ஒரு தடவை விசாரித்தேன். "பாய்தாங்க அவரு பேரு" என்றான், நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. ஒல்லியான ஆள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, காக்கிச் சட்டை, சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீ பிளாஸ்க். பார்த்தால் சாதாரண மினி பஸ் டிரைவர்தான். வண்டி கிளம்பியதும்தான் விஷயம் தெரியும்.

எங்கள் பக்கத்தில் மினி பஸ் என்றால் பாட்டு இருக்க வேண்டும். பிரேக் சரியில்லாத பஸ்ஸில்கூட ஜனங்கள் ஏறிவிடுவார்கள், பாட்டு இல்லாத பஸ்ஸில் ஏற யோசிப்பார்கள். மற்ற மினி பஸ்களில் எல்லாம் பழைய சினிமாப் பாட்டு ஓட, பாய் வண்டியில் மட்டும் வேல்ஸ் நாட்டுப் பாடகி ஒருவர் இங்கிலீஷில் பாடிக்கொண்டிருப்பார். முதல் டிரிப்பிலிருந்து கடைசி டிரிப் வரை அவர் ஒருவர்தான். மொத்தம் பதினோரு பாட்டு. பன்னிரண்டாவது கிடையாது. அந்தப் பாடகியின் பெயரைப் பாய் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. "அக்கா" என்பார். கூடப் பிறந்தவரைப் பற்றிச் சொல்வது போல, "இந்தப் பாட்டு பாடறப்ப அக்காவுக்கு லேசா ஜுரம்" என்பார். நாங்களும் உச்சுக் கொட்டுவோம்.

இந்த அக்கா அவருக்குக் கிடைத்தது குவைத்தில். அங்கே ஒரு கம்பெனியில் ஜீப் ஓட்டினார். வேல்ஸ்கார இன்ஜினியர் ஒருவரைத் தினமும் பாலைவனத்துக்குள் இரண்டு மணி நேரம் கூட்டிப்போய் இரண்டு மணி நேரம் கூட்டிவர வேண்டும். முதல் வாரமே இன்ஜினியர் ஜீப்பில் ஒரு சிடியைப் போட்டார். அது உள்ளே போய் மாட்டிக்கொண்டது. வெளியே வரவும் இல்லை, பாடுவதை நிறுத்தவும் இல்லை. ஸ்குரூ டிரைவர், கத்தி, பேரீச்சை ஓலைக் குச்சி எல்லாம் விட்டுப் பார்த்தாயிற்று. நாலு வருடத்தில் ஏ.சி. இரண்டு தடவை போயிற்று, கியர் பாக்ஸ் போயிற்று, சிடி மட்டும் அசையவில்லை.

"மொத ஆறு மாசம் தலையில அடிச்சுக்கிட்டேன். அடுத்த ஆறு மாசம் பழகிடுச்சு. அப்பறம் லீவுல ஊருக்கு வந்தா அக்கா சத்தம் இல்லாம தூக்கம் வரல" என்பார் பாய்.

இன்ஜினியரும் பாடகியும் ஒரே ஊர்க்காரர்கள். ஊர் நினைப்பு வரும்போதெல்லாம் மனுஷர் அக்காவின் கதையைச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது இங்கிலீஷில். அப்போது பாய்க்குத் தெரிந்த இங்கிலீஷ் 'யெஸ் சார்', 'ரைட் சார்', 'டீசல் சார்'. ஆகவே எங்களுக்கு வந்து சேர்ந்த கதையில் வேல்ஸ் எவ்வளவு, கூத்தாநல்லூர் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. கடைசியில் ஜீப்பைக் காயலான் கடைக்குத் தள்ளியபோது, மெக்கானிக் பிளேயரை உடைத்து சிடியை எடுத்துக் கையில் கொடுத்தாராம். மற்றவர்கள் தங்கம் கொண்டுவருகிற மாதிரி, அதைத் துண்டில் சுற்றி, கஸ்டம்ஸில் பயந்து பயந்து ஊருக்குக் கொண்டுவந்தார். பிறகு அது பென் டிரைவுக்கு மாறியது.

பதினோரு பாட்டும் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். கூத்தாநல்லூரிலிருந்து குடவாசலுக்கும் முக்கால் மணி நேரம். பாய் எந்த டிரிப்பையும் முதல் பாட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார். அதனால் எந்த ஊருக்கு எந்தப் பாட்டு என்பது தன்னால் அமைந்துவிட்டது. எங்கள் ஊர் போகும்போது நாலாவது பாட்டு, வரும்போது எட்டாவது. நாங்கள் பஸ்ஸுக்காகக் கடிகாரம் பார்த்ததே இல்லை. பக்கத்து ஊரில் மூன்றாவது பாட்டு முடிகிற சத்தம் வயல் தாண்டி லேசாக வரும். அப்போது எழுந்து செருப்பு மாட்டினால் போதும். நாலாவது பாட்டின் நடுவில் வண்டி வந்து நிற்கும். ஒருவேளை ஐந்தாவது பாட்டோடு வந்தால், வழியில் ரோட்டில் நெல் காயப் போட்டிருக்கிறார்கள், பாய் ஒதுங்கி ஒதுங்கி வந்திருக்கிறார் என்று பொருள். ஒரு பெண் பார்க்கும் பேச்சில், "பொண்ணு எந்த ஊரு?" என்ற கேள்விக்கு "ஏழாவது பாட்டு" என்று பதில் வந்ததை என் காதால் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாய் வண்டியில் ஹாரன் கிடையாது. இருந்தது, செத்துவிட்டது, அவர் சரிசெய்யவில்லை. "ஹாரன் அடிக்கிறதுங்கறது மனுசனப் பாத்து 'டேய் தள்ளு'ங்கற மாதிரி. அக்கா குரல் கேட்டு எவன் ஒதுங்காம இருந்தான்?" என்பார். வருடத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியை எஃப்.சி.க்குக் காட்டப் போகும்போது மட்டும் வேறொரு வண்டியிலிருந்து ஹாரனை இரவல் வாங்கி மாட்டுவார். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுவார். இரவல் பொருளை வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

நான் அந்த வண்டியில் ஏற ஆரம்பித்தது என் வாழ்க்கையின் மிகக் கேவலமான ஒரு பருவத்தில். எனக்குக் கல்யாணம் ஒன்று நடந்து, ஒன்றரை வருடத்தில் முறிந்து, ஒரு சூட்கேஸோடு அப்பா வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். ஊரில் யாரும் தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் ரொம்ப அன்பாக, "எப்பம்மா வந்தே? எப்பம்மா போறே?" என்று கேட்டார்கள். அந்த இரண்டாவது கேள்விக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். அப்பா குத்தகை நிலத்தில் விவசாயம் செய்கிறவர். வாயைத் திறந்து ஆறுதல் சொல்லத் தெரியாது. ஒருநாள் குடவாசல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் என் பெயரைச் சேர்த்துவிட்டு வந்து, ரசீதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அன்றிலிருந்து முதல் டிரிப்பில் மூன்றாவது சீட் ஜன்னல் ஓரம் என்னுடையது. வண்டியில் எனக்கு 'டைப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

பாய் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே அக்காவின் கதையைச் சொல்வார். தினமும் ஒரு துண்டு. விறுவிறுப்பான இடம் வரும்போது கியர் மாற்றுவார். கியர் விழுகிற வரை மொத்த வண்டியும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அக்காவின் அப்பா கல் குவாரியில் வேலை பார்த்தார். பிள்ளைகள் எழுதுகிற சிலேட்டு இருக்கிறதே, அந்தக் கல். வீட்டில் ஏழு பேர், குடை இரண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவதற்காகக் குடையை வாங்குகிற சண்டையில்தான் அக்காவுக்குக் குரல் வளர்ந்தது என்பது பாயின் ஆராய்ச்சி. பிறகு ஒரு பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. மழைக்கு ஒதுங்கிய ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரர், பன்னை வாங்கிக் கடிக்காமலே நின்று அவர் பாடுவதைக் கேட்டிருக்கிறார். அக்கா லண்டனுக்குப் போனார். முதல் ரெக்கார்டு ஓடு ஓடென்று ஓடியது. எந்த ரேடியோவைத் திருகினாலும் அக்கா. டிவியில் அக்கா. வெள்ளைக் கார், முழங்கால் வரைக்கும் பூட்ஸ்.

"அந்தப் பூட்ஸ வச்சுக்கிட்டு எப்படி நாத்து நடுவா?" என்று கேட்பாள் பாக்கியம். நடவுக்கு ஆள் கூட்டிப்போகிறவள். முதல் டிரிப்பின் பாதி வண்டி அவளுடைய ஆட்கள்.

"அங்க நாத்தே கிடையாது பாக்கியம்."

"நாத்து இல்லாத ஊர்ல மழை மட்டும் எதுக்குப் பெய்யுது?"

பாய் கியர் மாற்றினார்.

இரண்டாவது ரெக்கார்டு விழுந்துவிட்டது. ஏன் என்று இன்ஜினியருக்கும் தெரியவில்லை. கம்பெனிக்காரர் போனை எடுப்பதில்லை. கூட ஆடியவர்கள் வேறு ஆளோடு ஆடப் போய்விட்டார்கள். ஒருநாள் அக்கா ஒரே ஒரு பெட்டியோடு, மழையில், தன் ஊர் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். நான் மூன்றாவது சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வீட்டுக்குப் போனாங்க. அவங்கம்மா ஏன் வந்தேன்னு கேக்கல. எப்பப் போறேன்னும் கேக்கல. அடுப்புல இருந்து சூடா ரொட்டிய எடுத்து வச்சாங்க. அக்கா சாப்பிட்டுத் தூங்குனாங்க. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, பேக்கரிக்குப் போயி, மாவு பிசைய ஆரம்பிச்சாங்க."

அன்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் அடித்த பக்கத்தில் பாதி தப்பு.

கதை அங்கே முடிந்துவிடும் என்று பயந்தேன். முடியவில்லை. மறுநாளிலிருந்து அக்கா மெதுவாக எழுந்திருக்க ஆரம்பித்தார். பேக்கரிக்கு வந்த ஒரு கிழவர் பழைய பாட்டைக் கேட்டார். அக்கா மாட்டேன் என்றார். அடுத்த வாரமும் வந்து கேட்டார். ஆட்டுக் கொட்டகையில் நாற்பது பேருக்கு முன்னால் பாடினார். சொந்தமாக ஒரு ரெக்கார்டு போட்டார். இதற்கெல்லாம் சேர்த்து பாய் இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு வருடத்தில் நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, கோர்ட்டில் தட்டச்சர் வேலைக்கு இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் தவறவிட்டு, மூன்றாவது தடவை எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். டைப் அடித்துக் காட்டுகிற தேர்வும் நேர்காணலும் பாக்கி. திருவாரூரில், ஒரு திங்கட்கிழமை காலை. இது போனால் அடுத்த அறிவிப்பு வருவதற்குள் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் வீட்டுக்குள் கிடக்க வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் நான் ஒரு கோணங்கித்தனம் செய்தேன்.

அந்தப் பொங்கலுக்குப் பாக்கியத்துக்குப் பொறுமை போய்விட்டது. "மாட்டுப் பொங்கலன்னிக்குக்கூட இவதானா பாடணும்? கதை சொல்லட்டும், கேக்கறோம். பாட்டத் தமிழ்ல போடச் சொல்லு" என்றாள். வண்டியே ஆமாம் போட்டது. நாலு வருடமாக அதே பதினோரு பாட்டு. அவர்களையும் குறை சொல்ல முடியாது. வண்டி முதலாளிக்கு மனு கொடுக்க முடிவாயிற்று. யார் எழுதுவது? எல்லோரும் மூன்றாவது சீட்டைப் பார்த்தார்கள்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அப்போது தேர்வுக்காக அலுவலகக் கடிதங்களாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். நிஜமாகவே ஒரு மனு அடிக்கக் கிடைத்ததும் கை துறுதுறுத்தது. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அளந்து வைத்தேன். 'பொருள்: மேற்படி பேருந்தில் வேல்ஸ் நாட்டுப் பாடகியின் பாடல்களை நிறுத்துதல் தொடர்பாக.' அடியில் நாற்பத்தொரு கையெழுத்து. என்னுடையது முதல் கையெழுத்து. இன்ஸ்டிடியூட்டில் அதை ஒரு தடவை தூரமாக வைத்து ரசித்துப் பார்த்ததும் உண்டு.

முதலாளி சனிக்கிழமை கடைசி டிரிப் முடிந்ததும் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, சினிமாப் பாட்டு உள்ள வேறொன்றைக் கொடுத்தார். பாய் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வண்டிய ஓட்டறேன் மொதலாளி. பாட்டு வேணும்னா நீங்க வந்து போட்டுக்குங்க" என்றாராம். ஞாயிற்றுக்கிழமை வண்டி பட்டறையில் நின்றது. இதெல்லாம் எனக்குப் பிறகு செந்தில் சொல்லித் தெரிந்தது. மனு கொடுத்த எங்களில் யாருக்கும், பென் டிரைவ் போன விஷயமே தெரியாது.

திங்கட்கிழமை வந்தது. அப்பா முந்தின நாளே எங்கள் டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தார், நெல்லுக்குக் காவல் இருக்க. நான் ஆறரை மணிக்கே தலைவாரி, புடவை கட்டி, சர்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருந்த மற்றவர்களும் அவரவர் வீட்டில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள், மூன்றாவது பாட்டு முடியட்டும் என்று. மூன்றாவது பாட்டு வரவில்லை.

"பஸ் லேட்டு போலருக்கு" என்றாள் அம்மா.

"ரோட்டுல நெல்லு கெடக்கும்மா" என்றேன் நான், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

பஸ் லேட் இல்லை. பாட்டும் இல்லாமல் ஹாரனும் இல்லாமல், திருடன் மாதிரி சரியான நேரத்துக்கு எங்கள் நிறுத்தத்தில் வந்து நின்றிருக்கிறது. நிறுத்தத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பாய் கோபத்தில் இருந்தவர். ஊரே தன் மேல் வருத்தப்பட்டு வண்டியை ஒதுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, கிளம்பிவிட்டார்.

முந்தின ஊர்களில் ரோட்டோரத்து வீடுகளில் இருந்ததால் வண்டியைக் கண்ணால் பார்த்துப் பிடித்த ஆட்கள் மட்டும் உள்ளே இருந்தார்கள். பாக்கியமும் இருந்தாள். ஒரு கிலோமீட்டர் போன பிறகு அவள் மூன்றாவது சீட்டைப் பார்த்திருக்கிறாள்.

"ஏன் பாய், டைப்புக்கு இன்னிக்குத்தானே திருவாரூர்ல பரீட்சை?"

பாய் பிரேக் போட்டார். வண்டி குலுங்கி நின்றது. அந்த இடத்தில் ரோடு வாய்க்கால் கரையில் போகிறது. ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வயல், நடுவில் ஒரு மினி பஸ் மட்டும் போகலாம். திருப்புவது நடக்காத காரியம். அடுத்த டிரிப் இரண்டரை மணி நேரம் கழித்து.

"செந்திலு, எறங்கிப் பின்னாடி பாரு. ரிவர்ஸ்ல போறோம்" என்றார் பாய்.

"ஒரு கிலோமீட்டரா பாய்?"

"அவ்வளவுதானே?"

செந்தில் இறங்கினான். பாக்கியத்தின் ஆட்களும் இறங்கி, ரோட்டின் ஓரத்தில் காய்ந்த நெல்லில் டயர் ஏறாமல் இருக்க இரண்டு பக்கமும் நடந்தார்கள். "வா, வா, வா, ஒடி, ஒடி, அங்க நெல்லு" என்று ஆளுக்கொரு உத்தரவு. பாய் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு அடுத்த கஷ்டம் தோன்றியிருக்கிறது. திரும்பிப் போய் நின்றாலும், வண்டி வந்திருப்பது வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? ஆள் அனுப்பித் தேடினால் குடவாசலில் திருவாரூர் பஸ் போய்விடும்.

அவர் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, நாலாவது பாட்டைப் பாட ஆரம்பித்தார்.

பாயின் குரலைப் பற்றி நான் பொய் சொல்ல விரும்பவில்லை. மோட்டார் கொட்டகையில் பெல்ட் வழுக்குகிற சத்தம் அது. அதுவும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பாடியது. செந்தில் சிரித்திருக்கிறான். ஆனால் இரண்டாவது வரியில் பாக்கியம் சேர்ந்துகொண்டாள். அவளுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. நாலு வருடமாகக் காதில் விழுந்த பாட்டு எங்கேயாவது போய்த் தங்கித்தானே ஆக வேண்டும்? மூன்றாவது வரியில் அவளுடைய ஆட்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். எந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்களோ, அதே பாட்டை, ஒரு வார்த்தை விடாமல், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, வாய்க்கால் கரையெல்லாம் பாடிக்கொண்டு வந்தார்கள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. நாலாவது பாட்டு. ஆனால் பாடுவது அக்கா இல்லை. அதுவும் வர வேண்டிய திசையிலிருந்து வரவில்லை, எதிர்த் திசையிலிருந்து வருகிறது.

"என்னடி இது, கல்யாண ஊர்வலமா?" என்றாள் அம்மா.

செருப்பை மாட்டினேனா என்றுகூட நினைவில்லை. தெருவில் ஓடும்போது பார்த்தால், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சாப்பாட்டுக் கூடையும் பையுமாக ஆட்கள் ஓடிவருகிறார்கள். நிறுத்தத்துக்குப் போனபோது வண்டி பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது. பாய் பாடுவதை நிறுத்திவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏறும்மா. டைம் ஆச்சு" என்றார்.

மூன்றாவது சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பாட்டுப் பெட்டி செத்துக் கிடப்பதைப் பார்த்தேன். என்ன நடந்திருக்கும் என்று புரிந்தது. நான் ரசித்து ரசித்து அடித்த மனு என் கழுத்துக்கே வந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வேறு எதையோ கேட்டேன்.

"பாய், அக்கா மேடை ஏறுனாங்களா?"

சனிக்கிழமை காலை அவர் கதையை நிறுத்தியது அந்த இடத்தில்தான். அக்காவை லண்டனில் மறுபடி பாடக் கூப்பிட்டிருந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறார், கால் நடுங்குகிறது.

பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கியரை மாற்றினார். வழக்கத்தைவிட வேகமாகவே மாற்றினார்.

"ஏறாம? நடுங்கிக்கிட்டேதான் ஏறுனாங்க. நடுக்கம் நின்னப்பறம் ஏறலாம்னு இருந்திருந்தா, இன்னும் அங்கயேதான் நின்னுருப்பாங்க. மொத வரியில குரல் கொஞ்சம் பிசிறுச்சு. ரெண்டாவது வரியில சரியாயிடுச்சும்மா."

குடவாசலில் திருவாரூர் பஸ் கிளம்பி ஸ்டாண்டைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. பாய் தன் வண்டியைக் கொண்டுபோய் அதற்கு முன்னால் குறுக்கே நிறுத்தினார். அந்த டிரைவர் பேசியதை எந்தப் பத்திரிகையும் போடாது. பாய் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, நான் ஏறி உட்கார்கிற வரை நகரவில்லை.

தேர்வில் முதல் வரியில் எனக்கும் பிசிறியது. இரண்டாவது வரியிலிருந்து விரல்கள் தாமாகப் போயின. மனசுக்குள் வாய்க்கால் கரையில் பாக்கியத்தின் ஆட்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். ஒரு மாதம் கழித்து வேலை உத்தரவு வந்தது. அப்பா அதையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் ரொம்ப நேரம் கை கால் கழுவினார்.

அதற்கு முன்பே இன்னொரு வேலையை முடித்திருந்தேன். பாக்கியம் சொல்ல, முதலாளிக்கு இரண்டாவது மனு அடித்தேன். 'பொருள்: மேற்படி பாடகியை மீண்டும் பணியில் அமர்த்துதல் தொடர்பாக.' இந்தத் தடவை ஐம்பத்தாறு கையெழுத்து. முதலாளி பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்தார்.

வேலை உத்தரவு வந்த மறுநாள் குடவாசல் ஸ்டாண்டில் பாயிடம் அசோகா அல்வா கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "அந்த மொத மனுவ அடிச்சது நான்தான் பாய்" என்றேன்.

"தெரியும்மா. மொதலாளி காட்டுனாரு" என்றார், அல்வாவை வாயில் போட்டபடி. "பாத்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்ல, அடிச்சுத் திருத்தினது இல்ல. சரி, நம்ம பொண்ணுக்கு வேல கெடச்சிடும்னு நெனச்சுக்கிட்டேன்."

நியாயமாக அன்றே நான் அந்த மனிதர் காலில் விழுந்திருக்க வேண்டும். கூட்டமாக இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு நான் திருவாரூரில் அறை எடுத்துத் தங்கினேன். பாயும் சில வருடங்களில் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். சர்க்கரை, கண் சரியில்லை. செந்தில்தான் இப்போது டிரைவர். போன வருடம் ஒரு வழக்கு விஷயமாகக் கோர்ட்டுக்கு வந்தவன் என்னைப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். பேச்சு அக்காவிடம் வந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து, பழைய சிடியின் மேல் அச்சடித்திருந்ததாகச் செந்தில் நினைவு வைத்திருந்த பெயரை வைத்து அவன் போனில் தேடினோம். அக்கா கிடைத்தார். நன்றாகச் சிரிக்கிற முகம், முழங்கால் வரைக்கும் பூட்ஸ். கீழே நாலு வரி இருந்தது. ஒரு ரெக்கார்டு நன்றாக ஓடியது, அடுத்தது ஓடவில்லை, சொந்த ஊருக்குத் திரும்பி பேக்கரியில் வேலை பார்த்தார். அவ்வளவுதான். ஆட்டுக் கொட்டகை இல்லை. சொந்த ரெக்கார்டு இல்லை. லண்டன் மேடை இரண்டாம் தடவை இல்லவே இல்லை.

"செந்தில், மிச்சக் கதையெல்லாம் எங்கப்பா?"

செந்தில் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

"மத்த டிரிப்ல எல்லாம் கதை பேக்கரியோட முடிஞ்சிடும் மேடம். எனக்கே அதுதான் தெரியும். நீங்க வண்டியில ஏற ஆரம்பிச்சப்பறம், அந்த மொத டிரிப்ல மட்டும்தான் அக்கா திரும்பப் பாட ஆரம்பிச்சாங்க. நான் ஒரு நாள் கேட்டேன், ஏன் பாய் இப்படி விடறீங்கன்னு. 'அந்தப் புள்ள ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சுடா. பேக்கரியில கொண்டுபோய் விட்டுட்டு எப்படிடா எறங்கிப் போறது'ன்னாரு."

அன்று மதியம் நான் அடித்த பக்கங்களில் எத்தனை தப்பு என்று கேட்காதீர்கள்.

போன மாதம் கூத்தாநல்லூருக்குப் போய்ப் பாயைப் பார்த்தேன். மகள் வீட்டில் இருக்கிறார். தடித்த கண்ணாடி, அதே தொப்பி. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார். மகள் கொண்டுவந்த டீயைக் கொடுத்துவிட்டு, நான் குடிக்கிறேனா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். செந்தில் சொன்னதை நான் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

"அக்கா இப்ப எப்படி இருக்காங்க பாய்?"

பாய் என் கிளாஸ் காலியாகிவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

"அவங்களுக்கு என்னம்மா? நல்லா இருக்காங்க" என்றார். "திருவாரூர் கோர்ட்டுல வேலை பாக்கறாங்க."

நான் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. டீ நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மிச்சத்தைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அவர் மகள் அவருக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.